ஓட வைக்கிற ஹமூரோ

நான்கு வருடங்களில் ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினாறு பேர். ஹமூரோ தைஸோ ஓட வைத்தவர்களின் கணக்கு இது. இரண்டாவது டேக்கில் மறுபடி ஓடியவர்களை அவர் சேர்க்கவில்லை. கீழே விழுந்து முட்டி பெயர்ந்தவர்களைச் சேர்த்திருக்கிறார், அவர்களும் விழும்வரை ஓடினார்கள் என்பதால்.

டோக்கியோவுக்கு மேற்கே, முள்ளங்கி வயல்களை ஒட்டி இருந்த ஒரு நடுத்தரப் படக்கம்பெனியில் அவருக்கு வேலை, கூட்டம். கடலிலிருந்து ராட்சசன் எழுந்து வந்தால் ஊர் ஜனம் ஓட வேண்டும். அந்த ஜனத்தைத் திரட்டி, நிறுத்தி, ஓட்டி, மறுபடி எண்ணி வீட்டுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. ராட்சசன் ஸ்டுடியோவுக்குள் ரப்பர் உடுப்புக்குள்ளே வியர்த்துக்கொண்டு, இடுப்பு உயரக் கட்டிடங்களை மிதித்துக்கொண்டிருப்பான். ஹமூரோ அந்தப் பக்கமே போகமாட்டார். ஜனமும் ராட்சசனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. வெட்டி ஒட்டுகிற மேசையில்தான் அவர்களுக்குச் சந்திப்பு.

வயது நாற்பத்து நான்கு. ஒல்லி. உட்காரத் தெரியாத மனிதர். சாப்பாட்டுக் கூடத்தில் நூடுல்ஸ் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடப்பார். தான் வேலை செய்த படத்தைக்கூடத் தியேட்டரில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்பார். அதிலும் திரையை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, பார்க்கிறவர்களின் பிடரியைத்தான் பார்ப்பார். "கல்யாணம் ஆன அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்தாரே, அதுதான் கடைசி" என்று மனைவி நுயி பொதுக் குளியல் கூடத்துப் பெண்களிடம் சொல்வாள்.

போருக்கு முன்னால் அவர் ஒரு கேளிக்கைத் தெருவில் கொட்டகை வாசலில் நின்று ஆள் கூப்பிட்டவர். போரின்போது பேட்டையின் வான்தாக்குதல் காவலர். போர் முடிந்ததும் வெளிநாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகத் திரும்பி வந்த ஜனத்தைத் துறைமுகத்தில் வரிசையில் நிறுத்தும் வேலை, மூன்று வருடம். மெகாபோன் அங்கேதான் கைக்கு வந்தது. மேடையில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மெகாபோனை வாயில் வைத்தால் ஆள் மாறிவிடுவார்.

ஓடுகிறவன் கையில் எது இருக்க வேண்டும் என்பது அவருக்கு அளவு கடந்த முக்கியம். ஒருமுறை துணை நடிகர் ஒருவரிடம் ஊறுகாய்ப் பீப்பாயின் மேல் பாரம் வைக்கிற கல்லைக் கொடுத்து ஓடச் சொன்னார். டைரக்டர் இசோமுரா நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"என்ன ஹமூரோ, உயிருக்குப் பயந்து ஓடுறவன் எவனாவது கல்லைத் தூக்கிட்டு ஓடுவானா?"

"ஓடினான், டைரக்டர். நாப்பத்தஞ்சு மார்ச்சுல, குண்டு விழுந்து டோக்கியோ எரிஞ்ச ராத்திரி. ஆத்துப் பாலத்துல என் கண்ணு முன்னால ஓடினான்."

இசோமுரா நாற்காலிக்குத் திரும்பிப் போனார். கல் படத்தில் இருக்கிறது.

1958 அக்டோபர் மாதத் தொடக்கத்தில் தயாரிப்பு மேலாளர் தொகாவா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் நான்கு வட்டத் தகர டப்பாக்கள்.

"உக்காருய்யா."

"இருக்கட்டும், மேனேஜர்."

"இந்த டப்பா நாலுலயும் என்ன இருக்கு தெரியுமா? நீ ஓட வச்ச ஜனம். பழைய படத்துல வெட்டிப் போட்டது. இதையே எடுத்து ஒட்டிக்கலாம்னு மேலிடத்துல சொல்றாங்க. ஓடுறவன் ஓடுறவன்தானே, போன வருஷம் ஓடினா என்ன, இந்த வருஷம் ஓடினா என்ன?"

"அதுல பாதிப் பேர் குளிர்கால உடுப்புல இருக்காங்க. இந்தக் கதை நடக்கிறது..."

"கதை எனக்கும் தெரியும். சொல்றதக் கேளு. இசோமுரா அந்த மீன்பிடி ஊர் காட்சியை நேர்லதான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. சரின்னுட்டேன். ஒரு காலைப்பொழுது, ஒரு ஷாட். அது படத்துல நின்னா, அடுத்த படத்துக்கும் உனக்குக் கூட்டம் உண்டு. நிக்கலைன்னா டப்பாதான். உன் பிரிவை மூடிருவேன். இதுல எனக்குச் சந்தோஷம் ஒண்ணும் இல்ல, புரியுதா?"

ஹமூரோ ஜன்னல்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். "புரியுது, மேனேஜர்."

அந்த ஊரின் பெயர் கோஹமா. ஒரு தீபகற்பத்தின் நுனியில் ஒரு படகுத்துறை, ஒரு பனிக்கட்டி ஆலை, அதிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஒரே தெரு. மீனவர் சங்கம் ஒரு காலையை விட்டுக்கொடுத்தது. அதுவும் ஒன்பது மணிவரைதான், ஒன்பதுக்குக் கானாங்கெளுத்திப் படகுகள் கிளம்பியாக வேண்டும். டோக்கியோவிலிருந்து துணை நடிகர்களை ஏற்றிவரக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்க்காரர்களே ஓட வேண்டும். இருநூற்று நாற்பது பேர். ஒருவருக்கும் கேமரா என்றால் என்னவென்று தெரியாது.

அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை, விடிந்தும் விடியாததுமாக ஹமூரோ தெருவில் இறங்கிவிட்டார். பனிக்கட்டி ஆலையின் கூரைமேல் சாமான் பொறுப்பாளர் மொரிதோ ஒரு நீண்ட மூங்கிலை நட்டுக் கட்டினான். நுனியில், கேமராவில் விழாத உயரத்தில், முகம் கழுவுகிற சிவப்புத் தட்டு. அதுதான் ராட்சசனின் முகம்.

"எல்லாரும் ஓடும்போது ரெண்டு தடவை திரும்பி அந்தத் தட்டைப் பாக்கணும்" என்று மெகாபோனில் சொன்னார். "ஆளாளுக்கு ஒரு உயரத்தைப் பாத்தா, ஊருக்குள்ள எட்டு ராட்சசன் வந்த மாதிரி இருக்கும்."

"தட்டுக்கு எதுக்குத் தம்பி பயப்படணும்?" முன்வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டாள். தோமி. ஐம்பது வயதைத் தாண்டியவள், மீன் வடை விற்கிறவள், முன்பல் ஒன்று கிடையாது. ஊரில் எதற்கும் அவள்தான் முதல் ஆள் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"தட்டுன்னு நெனைக்காதீங்க அக்கா. அம்பது மீட்டர் உயரம். கண்ணு உங்க வீட்டு வாசல் அளவு."

"என் மாமியாரை நெனச்சுக்கட்டுமா?"

தெரு முழுவதும் சிரித்தது. ஹமூரோவும் சிரித்துவிட்டு உடனே கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நாற்பது.

அவரவர் கையில் பொருள் கொடுத்தார். ஒருவருக்குச் சுவர்க்கடிகாரம். ஒருத்திக்குச் சோற்றுப் பானையின் மூடி மட்டும், பானை கிடையாது. தோமிக்கு ஒரு தலையணை. பிறகு ஒரே ஒரு கட்டளை, திரும்பத் திரும்ப.

"என்ன ஆனாலும் மெகாபோன்ல நான் சொல்றதை மட்டும் கேளுங்க. ஓடுன்னா ஓடணும், படுன்னா படுக்கணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது!" இருநூற்று நாற்பது குரல்.

இரண்டு ஒத்திகை. எல்லோரும் பேருந்தைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஓடினார்கள். ஒரு கிழவர் எதிரே வந்த சம்பந்திக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு ஓடினார். ஹமூரோ தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூறு தடவையாவது நடந்திருப்பார். எட்டு நாற்பத்தைந்து. இசோமுரா மேட்டின் மேலே கேமராவின் அருகிலிருந்து கையைத் தூக்கினார். இனி ஒத்திகைக்கு நேரமில்லை.

"ஓடுங்க!"

ஓடினார்கள். முதல் ஐந்து விநாடி அதே பேருந்து ஓட்டம்தான். ஹமூரோ பல்லைக் கடித்துக்கொண்டு சந்து மறைவில் பக்கவாட்டாக ஓடினார். அப்போதுதான் அதைப் பார்த்தார். பனிக்கட்டி ஆலையின் சுவரில், கூரை விளிம்பிலிருந்து, ஒரு வெள்ளைத் துணி காற்றில் அவிழ்ந்து சரசரவென்று கீழே விரிந்தது. வியாபாரிகள் சங்கம் மரியாதைக்காக எழுதி, மாலை விருந்துக்காகச் சுருட்டிக் கட்டி வைத்திருந்த துணி. ஆளுயர எழுத்துகள்: படக்குழுவினரே, வருக வருக.

ஹமூரோவின் வாய் மூளைக்கு முந்திக்கொண்டது.

"மொரிதோ! சிரி! சிரி! சீக்கிரம் சிரி!"

கூரைமேல் மொரிதோ ஒரே பாய்ச்சலில் துணியைச் சுருட்டி இழுத்தான். நான்கு விநாடிகூட ஆகவில்லை. ஆனால் கீழே இருநூற்று நாற்பது பேரும் சிரித்தார்கள்.

படத்தளத்தில் சிரி என்றால், அகற்று. கேமராவுக்குக் குறுக்கே எது நின்றாலும் அதைச் சிரிக்க வேண்டும். ஏணியைச் சிரி, நாற்காலியைச் சிரி, அந்த மரக்கிளையைக் கொஞ்சம் சிரி. எங்கிருந்து வந்த வழக்கம் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தளத்தில் பழகியவன் வாயில் அவசரத்துக்கு வேறு சொல் வராது. ஹமூரோவின் வழக்கமான துணை நடிகர்களாக இருந்திருந்தால் ஒருவன்கூடக் காதில் வாங்கியிருக்கமாட்டான். கோஹமாக்காரர்களுக்கு, சிரி என்றால் சிரிதான்.

நன்றாகவே சிரித்தார்கள். மூச்சிரைக்க, வாயைப் பிளந்து, கடிகாரத்தையும் மூடியையும் அணைத்துக்கொண்டு, சிவப்புத் தட்டைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஓட்டம் மொத்தம் இருபது விநாடி. இசோமுரா கையைக் கீழே போட்டார்.

தோமி தலையணையுடன் ஓடி வந்தாள். "எப்படித் தம்பி? போதுமா, இன்னும் கொஞ்சம் சிரிச்சிருக்கணுமா?"

ஹமூரோ மெகாபோனைக் கீழே இறக்கினார்.

"பயத்துல புத்தி பேதலிச்சுச் சிரிக்கிறாங்கன்னு எடுக்கிறீங்க போலன்னு நெனச்சோம். ஏன் எதுக்குன்னுதான் கேக்கக் கூடாதுன்னுட்டீங்களே."

"ரொம்ப... ரொம்ப நல்லாப் பண்ணீங்க அக்கா."

படகுத்துறையில் எஞ்சின்கள் இருமத் தொடங்கின. ஆண்கள் சட்டையை மாற்றிக்கொண்டு படகுக்கு ஓடினார்கள். இந்த ஓட்டம் எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று ஹமூரோ நொந்துகொண்டார். மேட்டிலிருந்து இறங்கி வந்த இசோமுரா ஒரே ஒரு கேள்வி கேட்டார். காற்று எதிர்த்திசையில் அடித்ததால் மெகாபோனும் சிரிப்புச் சத்தமும் அவர்வரை எட்டவில்லை, அவர் கண்ணும் துணி விரிந்த கூரையைவிட்டு நகரவில்லை.

"அந்தத் துணி படத்துல விழுந்துச்சா?"

"நாலு விநாடி இருக்கும், டைரக்டர்."

"நாலுன்னா வெட்டிரலாம். ஆளுங்க எப்படி?"

"ஓடினாங்க" என்றார் ஹமூரோ.

ரஷ், அதாவது கழுவி வருகிற முதல் பிரதி, வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவர் நடந்தார். ஸ்டுடியோ மதிலைச் சுற்றினார். வீட்டில் ஆறு பாய் விரித்த சின்ன அறையில் மூலைக்கு மூலை போய் வந்தார்.

"ஏங்க, பாய் தேஞ்சு போகுது" என்றாள் நுயி. "போய்ச் சொல்லிருங்களேன். ஊர்க்காரங்க சிரிச்சுட்டாங்கன்னு."

"அவங்க சிரிக்கல. நான் சிரிக்கச் சொன்னேன்."

"மொரிதோகூட என்ன சொன்னாரு? பட்டிக்காட்டு ஜனம், விளையாட்டா நெனச்சிருச்சுன்னு சொன்னா மேனேஜர் நம்புவாருன்னாரே."

"சொன்னான். அப்புறம் எந்த ஊருலயாவது போய் மெகாபோனைத் தூக்க எனக்கு முகம் வேணாமா?"

நுயி தேநீரை ஊற்றினாள். அவர் அதை நின்றபடி குடித்தார், சுட்டது.

சனிக்கிழமை பிற்பகல் திரையிடும் அறையில் நாலு பேர். தொகாவா, இசோமுரா, ஒலிப்பதிவு செய்கிறவர், கதவோரம் ஹமூரோ. ரஷ் என்றால் ஒலி கிடையாது. இயந்திரத்தின் கடகட மட்டும். முதலில் பேருந்து ஓட்டம். துணி விரிந்தது, தொகாவா உச்சுக்கொட்டினார். துணி மறைந்தது. பிறகு தெரு நிறைய வாய்கள்.

ஹமூரோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார். இசோமுரா முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அடேயப்பா" என்றார் தொகாவா. "எப்படி அலறுறாங்க பாரு! எங்கிருந்துய்யா பிடிச்ச இவங்கள?"

கறுப்பு வெள்ளையில், தூரத்தில், சத்தமில்லாமல், திறந்த வாய் திறந்த வாயாகத்தான் இருந்தது. சுருங்கிய கண்கள், இழுத்த கன்னங்கள், கடிகாரத்தை நெஞ்சோடு நெரிக்கும் கை. அந்த மார்ச்சில் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஹமூரோ பார்த்த முகங்கள் இப்படித்தான் இருந்தன. பதினேழாவது விநாடியில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தோமி கேமராவுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். திரை முழுக்க ஒரு முகம். பல் இல்லாத இடைவெளியும் தலையணையுமாக, வயிறு குலுங்கும் மகிழ்ச்சி.

விளக்குப் போட்டார்கள்.

"கடைசியில வந்த அம்மா ஏன்யா சிரிக்குது?" என்றார் தொகாவா.

ஹமூரோ கதவிலிருந்து இரண்டடி முன்னால் வந்தார். "எல்லாருமே சிரிக்கிறாங்க, மேனேஜர். துணியைச் சிரின்னு மொரிதோக்கிட்ட கத்தினேன். மெகாபோன்ல. ஊர்க்காரங்க சிரிச்சுட்டாங்க. தப்பு முழுக்க என்னுது."

ஒலிப்பதிவாளர் வெடித்துச் சிரித்து, இருமலாக மாற்ற முயன்று, முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இசோமுரா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை ஓட்டு" என்றார்.

இரண்டாவது தடவை பயம் அந்தத் தெருவிலேயே இல்லை. தெரிந்துவிட்ட பிறகு கண்ணுக்குச் சிரிப்பு மட்டும்தான் பட்டது. கோயில் திருவிழா கூட்டம். தொகாவாவின் முகம் இறுகியது.

"இப்ப சத்தத்தோட" என்றார் இசோமுரா.

ஒலிப்பதிவாளர் ராட்சசனின் உறுமல் பதிந்த நாடாவை ஓடவிட்டார். சுவர் அதிர்ந்தது. மூன்றாவது தடவை, அதே முகங்கள், அதே தெரு. சிரிப்பு செத்துப்போயிற்று. தொகாவா தன்னையறியாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். தோமி வருவதற்குள் இசோமுரா கையைத் தட்டி நிறுத்தச் சொன்னார்.

"துணிக்கு அப்புறம், அந்த அம்மாவுக்கு முன்னால. எட்டு விநாடி. இது என் படத்துல இருக்கும்."

ஹமூரோ முதன்முறையாக மூச்சை முழுசாக விட்டார். "அப்ப அடுத்த படத்துக்கு... மேனேஜர், நின்னா கூட்டம் உண்டுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்." தொகாவா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும். "அந்தத் தெருவுல கடைப்பலகை ஒண்ணு இருக்கா? வாகனம்? எந்த ஊரு, எந்த வருஷம்னு சொல்ற எதாவது?"

"இல்ல. நான்தான் எல்லாத்தையும் காலையிலேயே சிரிச்சுட்டேன்."

"அதான்யா. இந்த எட்டு விநாடியை எந்தப் படத்துல வேணா ஒட்டலாம். வலப்பக்கம் எடப்பக்கமாத் திருப்பிப் போட்டா வேற ஊரு. இதைவிட நல்லா இனி யாரு ஓடப் போறான்?"

"அடுத்த படத்துல ராட்சசன் பறக்குறான், மேனேஜர். இவங்க பாக்கிறது அம்பது மீட்டர் உயரத்தை. பறக்குறவனைப் பாக்கக் கழுத்து இன்னும் நிமிரணும். கண்ணு பொருந்தாது."

"யாருய்யா அளக்கப் போறா?"

ஹமூரோ இசோமுராவைப் பார்த்தார். இசோமுரா தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்றதுல நியாயம் இருக்கு ஹமூரோ, கண்ணு பொருந்தாது" என்று தொகாவாவிடம் பேசாமல் ஹமூரோவிடமே சொன்னார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. தொகாவா அந்த அளவுக்குக் கல் நெஞ்சர் இல்லை. வெட்டிய படச்சுருள்களை அடுக்கி, சீட்டு ஒட்டி, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் அறையில் போட்டார். வெயில் படக்கூடாது என்பதால் ஜன்னல் இல்லாத அறை. ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. சீட்டில் எழுத வேண்டியது: ஓட்டம், மீனவர், எட்டு விநாடி, எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கடைசி இரண்டு சொல்லை எழுதச் சொன்னது தொகாவா. ஹமூரோ எழுதினார். பதினெட்டு நாள் அந்த அறையில் இருந்தார். சுருள்களை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தன் ஆட்கள் நகக்கண் அளவில் அப்படியே நிற்பார்கள், ஒரு கால் தூக்கியபடி. பத்தொன்பதாம் நாள் விலகல் கடிதத்தைக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், உட்கார முடியவில்லை என்று எழுதியிருந்தார். வேறு காரணம் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சொந்தக் காரணம் என்று எழுதினார்.

படம் டிசம்பர் கடைசி வாரம் வெளியானது. புத்தாண்டு அன்று வந்த வாழ்த்து அட்டைகளில் ஒன்று கோஹமாவிலிருந்து. தோமியின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. "தம்பி, ஊரே பஸ் பிடிச்சுப் போய்ப் பாத்தோம். அந்த இடம் வந்தப்ப நாங்க எல்லாரும் சிரிச்சுட்டோம், பக்கத்து சீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. என்னை மட்டும் காணோம். என் கொழுந்தன் ரெண்டு விநாடி தெரியுறான், இப்ப அவன் யார்கூடவும் பேசுறதில்ல. அடுத்த படத்துக்குக் கூப்பிடுங்க, இந்தத் தடவை மெதுவா ஓடுறேன்."

ஹமூரோ அதை இரண்டு தடவை படித்தார், அறைக்குள் நடந்தபடி. பதில் அட்டையில் தான் கம்பெனியில் இல்லை என்பதை எழுதவில்லை. வேகமாக ஓடியது அக்காவின் தப்பு இல்லை என்று மட்டும் எழுதினார்.

குளிர்காலத்தில் எல்லோரும் தடித்த கோட்டுப் போடுவதால் ஒரு பெட்டிக்குள் பத்துப் பேர் குறைவாகவே அடைவார்கள், அதனால் டோக்கியோவின் பெரிய இரயில் நிலையங்களில் காலை நேரத்துக்குக் கூடுதல் ஆள் எடுப்பது வழக்கம். 1959 ஜனவரி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்கு ஹமூரோ தைஸோ வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, மூன்றாம் நடைமேடையில் பயணிகளை முதுகில் தள்ளி ஏற்றும் வேலையில் சேர்ந்தார்.